இணையத்துக்கும் கடைமடை உண்டு

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து ராஜ வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், தலைமடைக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடைமடைக்காரர் அவ்வளவு அவசரப்படுவதில்லை. "வாய்க்காலுக்கு வந்தது சரி, என் வயலுக்கு எப்போது வரும்?" என்றுதான் கேட்கிறார். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். தம் மடை வழியாக எத்தனை விரல் பாய்கிறது என்பதே அவருடைய கணக்கு.

வீட்டுக்கு இணையம் வாங்குகிறவர் இந்தக் கடைமடைக்காரரிடம் பாடம் கேட்க வேண்டும்.

இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு விளம்பரம் தொங்குகிறது. "100 மெகாபிட் வேகம்", "300 மெகாபிட் வேகம்", "மோடம் இலவசம்" என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறவர்கள், சுழியைப் பார்க்கிறவர்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறவர்கள், மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய இந்த விஷயத்தில் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு இரவு எட்டு மணிக்குப் படம் நின்று நின்று ஓடும்போது, "எல்லாம் ஏமாற்று" என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஏமாற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விஷயம் தெரியாமல் வாங்கியது மட்டும் நிச்சயம்.

ஆடம்பரம் அல்ல, அவசியம்

இணையம் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று நினைத்த காலம் போய்விட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக 2018 ஏப்ரல் 1-ந் தேதி முதல் மின்வழிச் சீட்டு கட்டாயமாகிவிட்டது. அந்தச் சீட்டு இணையத்தில்தான் பிறக்கிறது. இணையம் படுத்துவிட்டால் நாமக்கல், சங்ககிரி லாரி சரக்கோடு நிற்க வேண்டியதுதான். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலையைக் கைப்பேசியில் பார்க்கிறார். இளம்பிள்ளைச் சேலை வியாபாரி புதுச் சேலையைப் படம் பிடித்து, வாட்ஸப்பில் வெளியூர் வாடிக்கையாளருக்குக் காட்டி ஆர்டர் பிடிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசிக்கு வந்தபோது, நல்ல இணைப்பு இருந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்றது. அந்த வித்தியாசத்தைக் கண்ட பெற்றோருக்கு இது ஆடம்பரமா அவசியமா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மோடம் என்னும் துபாஷி

மோடம் என்பது என்ன? இரு பாஷை தெரிந்த ஒரு துபாஷி, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது "உண்டு, இல்லை" என்ற இரண்டே சொல். ஒன்று, பூஜ்யம் என்று அதையே எழுதுகிறார்கள். டெலிபோன் கம்பிக்கோ மனிதக் குரல் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கும் ஒலிதான் தெரியும். கம்ப்யூட்டரின் சொல்லை ஒலியாக்கிக் கம்பியில் ஏற்றுவது ஒரு வேலை. அந்தக் கோடியில் ஒலியைப் பிடித்து மறுபடியும் ஒன்றும் பூஜ்யமுமாக்குவது இன்னொரு வேலை. ஆங்கிலத்தில் முன்னதற்கு மாடுலேஷன் என்றும் பின்னதற்கு டீமாடுலேஷன் என்றும் பெயர். இரண்டின் தலையையும் சேர்த்து மோடம் என்றார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. வி.எஸ்.என்.எல். நிறுவனம் அதைத் தொடங்கியது. அன்றைய மோடம் டெலிபோன் எண்ணைச் சுழற்றி, கீச்சுக் கீச்சென்று கத்தி, பிறகுதான் வழிக்கு வரும். அது பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாரும் டெலிபோனில் பேச முடியாது. அந்த வகை மோடம் எவ்வளவு தேறினாலும் விநாடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் போகவில்லை.

2005-ல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அதே செப்புக் கம்பியில் அகன்ற அலைவரிசை இணைப்பைக் கொண்டுவந்தது. பேச்சுக்கு வேண்டிய தாழ்ந்த அலைகளை விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட அலைகளில் இணையத்தை அனுப்பினார்கள். பேச்சும் நடந்தது, இணையமும் நடந்தது. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. டெலிபோன் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் வேகம் நன்றாக இருக்கும். நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டில் அலை தேய்ந்து, வேகம் மெலிந்துவிடும். ஒரே கட்டணம் கட்டினாலும் தலைமடை வேறு, கடைமடை வேறு என்று ஆனது.

இன்று வருவது கண்ணாடி இழை. தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடியில் ஒளி ஓடுகிறது. இது சாத்தியம் என்பதை 1966-ல் கணக்குப் போட்டுக் காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. பல கிலோமீட்டர் போனாலும் இதில் ஒளி அதிகம் தேய்வதில்லை. மழை ஈரத்தில் கம்பி இரைச்சல் போடும் பழைய கதையும் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியைக் கம்பெனிக்காரர் ஓ.என்.டி. என்கிறார், வீட்டுக்காரர் மோடம் என்கிறார். பெயர் எதுவானாலும் வேலை பழைய துபாஷி வேலைதான். முன்பு ஒலியைப் பெயர்த்தது, இப்போது ஒளியைப் பெயர்க்கிறது.

அதே பெட்டியிலோ பக்கத்துப் பெட்டியிலோ ரவுட்டர் என்பவரும் குடியிருக்கிறார். வந்த தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவதுபோல, வந்த இணையத்தை அப்பாவின் கைப்பேசிக்கும் பிள்ளையின் கம்ப்யூட்டருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை.

மாலை நேரத்து வரட்சி

கண்ணாடி இழை வந்தால் கடைமடைத் தொல்லை தீர்ந்ததா? தூரத்தினால் வந்த தொல்லை தீர்ந்தது. பங்கினால் வரும் தொல்லை தீரவில்லை.

பல ஊர்களில் போடப்பட்டிருக்கும் ஜிபான் முறையில் ஓர் இழை விநாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட் கொண்டுவரும். ஆனால் அது ஒரு வீட்டுக்கு அல்ல. வழியில் ஒரு சிறு பெட்டியில் ஒளியைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுக்கிறார்கள். 32 வீட்டாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் தலைக்குச் சுமார் 78 மெகாபிட்தான் வரும். எல்லோரும் ஒரே விநாடியில் இழுப்பதில்லை என்பதால் வண்டி ஓடுகிறது. அதுகூடப் பெரிய தொல்லை அல்ல. ஊருக்கு வரும் தாய் வாய்க்காலைக் கம்பெனி எவ்வளவு அகலமாக வாங்கி வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைக் குறுகலாக வைத்துக்கொண்டு கிளை வாய்க்கால்களை வெட்டிக்கொண்டே போனால், பகலில் பாயும் வேகம் இரவு எட்டு மணிக்கு வற்றிவிடும்.

ஆகையால் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மெகாபிட்?" என்பது அல்ல. "இரவு ஒன்பது மணிக்கு எத்தனை வருகிறது?" என்பதே முதல் கேள்வி. இதற்குக் கம்பெனிக்காரர் சொல்லும் பதிலைவிட, அதே இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பதில் நம்பத்தக்கது.

எண்ணில் மயங்க வேண்டாம்

விளம்பரத்தில் எழுதுவது மெகாபிட். படத்தையும் பாட்டையும் அளப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாமல் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? தெளிவான திரைப்படம் ஒன்று பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் போதும். இணைய வகுப்புக்கு 3, 4 மெகாபிட் இருந்தால் ஆசிரியர் முகம் தடையின்றித் தெரியும். அம்மா ஒரு படம், பிள்ளை ஒரு வகுப்பு, அப்பா வியாபாரப் பேச்சு என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 20 மெகாபிட்டைத் தாண்டாது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒழுங்காக வரும் 50 மெகாபிட் தாராளம். ஒழுங்கில்லாத 300 மெகாபிட்டைவிட அது மேல்.

இறங்கும் வேகத்தை மட்டும் கேட்டு, ஏறும் வேகத்தை விட்டுவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. படம் பார்க்கிறவருக்கு இறங்கும் வேகம் போதும். சேலைப் படத்தை அனுப்பும் வியாபாரிக்கும், பண்ணைக் காமிராவை வெளியூரிலிருந்து பார்க்க நினைக்கிறவருக்கும் ஏறும் வேகம்தான் சோறு போடும். அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

விலையிலும் கவனம் வேண்டும். 499 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து கையை விட்டுப் போவது சுமார் 589 ரூபாய். "மோடம் இலவசம்" என்றால், ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டச் சொல்கிறார்களா, டெபாசிட் உண்டா, விலகும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். "அளவில்லாதது" என்றால், மாதத்தில் எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேட்க வேண்டும். அளவில்லாதது என்ற சொல்லுக்கும் சிறிய எழுத்தில் ஓர் அளவு இருப்பதுண்டு.

வீட்டுக்குள்ளேயே கடைமடை

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால், குற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். வாசல் மூலையில் கம்பி நுழைந்த இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை படிப்பது மூன்று சுவர் தாண்டிய பின்கட்டில். கான்கிரீட்டும் கருங்கல்லும் அலையைக் குடித்துவிடும். அழகுக்காகப் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அலை வெளியே வருவதே கஷ்டம்.

பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டத் தெம்பில்லை. எந்த அறைக்கு எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பாதிப் புகார் குறையும். வேகத்தைச் சோதிக்கும்போது கம்ப்யூட்டரைப் பெட்டியோடு கம்பியால் இணைத்துச் சோதிப்பதே நியாயம். அப்போதுதான் குற்றம் கம்பெனியுடையதா, சுவருடையதா என்று விளங்கும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுவதும் அவசியம்.

தோட்டத்து வீடுகளின் கவலை

இந்தச் சமவெளியில் வீடுகள் எல்லாம் தெருவில் வரிசையாக இருப்பதில்லை. காட்டுக்குள், தோட்டத்துக்குள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சாளை போட்டுக் குடியிருக்கிறார்கள். கோழிப்பண்ணைகளும் ஊருக்கு வெளியேதான். ஒரு வீட்டுக்காக ஒரு கிலோமீட்டர் இழை இழுக்கக் கம்பெனி தயங்குகிறது. இவர்கள்தான் மெய்யான கடைமடைக்காரர்கள்.

இவர்களுக்கு வேறு வழி உண்டா? உண்டு. 2023 முதல் 5ஜி அலையை வீட்டுக் கூரையிலுள்ள பெட்டியில் பிடித்து, உள்ளே வைஃபையாகக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் அது நன்றாக நடக்கும். ஆனால் அதே கோபுரத்தை ஊரார் கைப்பேசிகளும் பங்கு போடும் என்பதை மறக்கக் கூடாது. வாங்குமுன் அதே கம்பெனி கைப்பேசியை வீட்டு மாடியில் வைத்து, காலையிலும் இரவிலும் வேகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. செயற்கைக்கோள் வழியும் பேசப்படுகிறது. பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேட்டதற்குப் பதில் வரவே அரை விநாடி ஆகிவிடும். புதுவகை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அந்தத் தாமதம் குறைவு. அந்த வகையைச் சேர்ந்த ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. வேறு வழியே இல்லாத இடத்துக்கு அது வழி. இழை எட்டும் இடத்தில் இழையே சிலாக்கியம்.

பழுது பார்க்க யார் வருவார்?

வேகமும் விலையும் ஒரு பங்கு என்றால், பழுது பார்க்கும் ஆள் மூன்று பங்கு. வைக்கோல் லாரி தாழத் தொங்கும் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விடும். ரோடு போட வந்த மண்வாரி இயந்திரம் புதைத்த இழையை அறுத்துவிடும். பெட்டியில் "லாஸ்" என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆள் வந்து இழையை ஒட்ட வேண்டும். அந்த ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதே இணைப்பின் தரம்.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு வாக்கில் கிராம இணைய நிலையங்களை நிறுவினார்கள். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறைதான் அவற்றுக்கு உயிர். உலகமே பாராட்டிய முயற்சி அது. ஆனாலும் பல நிலையங்கள் சில வருஷங்களிலேயே மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, தொடர்ந்து தாங்கிப் பிடிக்க ஆளும் இல்லை. இயந்திரம் கொண்டுவருவது ஒரு நாள் வேலை, அதை ஓடவைப்பது தினசரி வேலை.

மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். பழைய டெலிபோனுக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊர் இருண்டாலும் டெலிபோன் பேசும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மின்தடை வந்தால் பெட்டி செத்துவிடும். இதற்கென்றே சின்ன மின்கலப் பெட்டிகள் கிடைக்கின்றன. பரீட்சைக் காலத்தில் அந்தச் செலவு வீணாகாது.

பழுது வந்தால் கேபிள்காரருக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. கம்பெனியிலேயே புகார் பதிந்து, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் தீராவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள் இந்த வழியை வகுத்திருக்கின்றன. புகார் எண் இல்லாத புகார், ரசீது இல்லாத கடன் மாதிரி.

கிராம சபையில் கேட்க வேண்டும்

வாங்குகிறவர் விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. சர்க்காரும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

அகன்ற அலைவரிசை என்று சொல்லிக்கொள்ள 2004-ல் 256 கிலோபிட் போதுமென்றார்கள். 2013-ல் 512 கிலோபிட் ஆக்கினார்கள். 2023-ல்தான் அது 2 மெகாபிட்டாக உயர்ந்தது. ஒரு பிள்ளை தெளிவாகப் பாடம் பார்க்கவும் அது போதாது. சட்டத்தின் அளவுகோல் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, விளம்பர வேகத்துக்கும் வீட்டு வேகத்துக்கும் உள்ள பள்ளத்தை யார் அளப்பது? மாலை நேரத்தில் கிடைக்கும் வேகத்தையும் விளம்பரத்தில் அச்சிடும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினால், பாதிப் பொய் தானே ஒழியும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது என்று பாரத்நெட் திட்டத்தின் கீழ் இலக்கு வகுத்தார்கள். தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் என்னும் டான்பிநெட் இதற்காகவே ஏற்பட்டது. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கத்திலிருந்து ஒளி வரும்படி வளையமாக இழை போடுவதற்கு, 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 1,39,579 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டியதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. அது தலைமடை மட்டுமே. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், தோட்டத்து வீட்டுக்கும் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டுவது என்று 2022-ல் ஏற்பாடாயிற்று. குடிதண்ணீர், தெருவிளக்கு பற்றிக் கேட்கும் அந்தச் சபையிலே இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நம் ஊராட்சிப் பெட்டியில் விளக்கு எரிகிறதா? அதிலிருந்து எத்தனை வீட்டுக்கு இணைப்புப் போயிருக்கிறது? அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டுகிறார்கள்? பதிலை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த சபையில் மறுபடியும் கேட்க வேண்டும். கேட்கிற ஊருக்குத்தான் வேலை நடக்கும்.

அணை நிரம்பியதும் மாலை போடுவதற்கு ஆட்கள் உண்டு. கடைமடைப் பயிர் காய்ந்ததா, தழைத்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துச் சாளையில், இரவு ஒன்பது மணிக்கு, ஒரு பள்ளிப் பிள்ளை தடங்கலில்லாமல் பாடம் பார்க்க முடிகிற அன்றைக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.